ரத்தத்தில் உள்ள என்சைம் மார்பகப் புற்றுநோயைக் காட்டிக் கொடுக்குமா? முத்துலட்சுமி ரெட்டியின் கதையோடு ஒரு விளக்கம்

நீங்கள் ஊரிகத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்பில் ஒரு சின்னக் கட்டி. வலி இல்லை. டவுனில் ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுக்கிறீர்கள். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், எல்.டி.ஹெச் என்ற என்சைம்கள் எல்லாம் சரியான அளவில் இருப்பதாக ரிப்போர்ட் வருகிறது. நார்மல்னு வந்துடுச்சே, அப்புறம் என்ன என்று விட்டுவிடுவீர்களா?

விடாதீங்க. ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த நோய்க்காகவே தென்னிந்தியாவில் ஒரு மருத்துவமனையைக் கட்டிய பெண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி, கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவர், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர், அவ்வை இல்லத்தை நிறுவியவர். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அவரைப் புற்றுநோய் பக்கம் திருப்பியது வீட்டில் விழுந்த அடி. தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயில் இறந்தார். என்ன நோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. டாக்டராக இருந்தும் சொந்தத் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனையோடு 1925-ல் இங்கிலாந்து போனவர், அங்கே புற்றுநோய் சிகிச்சையை நேரில் பார்த்துப் படித்தார்.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே தனிப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற மனநிலைதான் அன்று பல இடங்களில் இருந்தது. அவர் விடவில்லை. ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அப்போது அவருக்கு வயது 67. பெரும்பாலானவர்கள் ஓய்வெடுக்கும் வயசு! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1968 ஜூலை 22-ல் அவர் காலமானார்.

சரி, அந்த என்சைம் ரிப்போர்ட்?

என்சைம் என்பது செல்லுக்குள் வேலை செய்யும் புரதம். செல்கள் சிதைந்தால் அது கசிந்து ரத்தத்துக்கு வரும். மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவிவிட்டால் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஏறலாம். எலும்பு முறிவு ஆறும்போதும் ஏறும், கர்ப்பத்திலும் ஏறும். எல்.டி.ஹெச் ஏறவும் பல காரணங்கள் உண்டு. கட்டி சின்னதாக இருக்கும் ஆரம்ப கட்டத்திலோ இரண்டும் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். அதாவது, கண்டுபிடித்தால் பலன் அதிகம் கிடைக்கும் நேரத்தில்தான் இந்த டெஸ்ட் மௌனமாக இருக்கிறது.

அரோமட்டேஸ் என்று இன்னொரு என்சைம் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜனை உருவாக்குவது இதுதான். அந்த வயதில் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகமுள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயமும் அதிகம் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இந்த என்சைமைத்தான் தடுக்கின்றன. தைமிடின் கைனேஸ் என்ற என்சைமின் அளவை, ஏற்கெனவே நோய் பரவியவர்களைக் கண்காணிக்க அமெரிக்காவில் பயன்படுத்த அனுமதி உண்டு. ஆனால் ஆரோக்கியமான பெண்ணுக்கு நோய் இருக்கிறதா, வருமா என்று சொல்ல இன்றுவரை எந்த என்சைம் டெஸ்ட்டும் ஏற்கப்படவில்லை. பேக்கேஜில் கேன்சர் மார்க்கர் என்று போட்டு விற்றாலும் இதே கதைதான்.

பிறகு எதை நம்புவது? 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகத்தைக் கையால் பரிசோதிப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கட்டி தட்டுப்பட்டால் அல்ட்ராசவுண்ட் அல்லது மேமோகிராம், சந்தேகம் இருந்தால் பயாப்சி. அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஊரிகத்திலிருந்து அடையாறை விட பெங்களூரு கித்வாய் மருத்துவமனை பக்கம். காலையில் ரயில் ஏறினால் போய்விடலாம். அந்த நார்மல் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்க, டாக்டர் கேட்டால் காட்டலாம்.