1,285 வாக்கில் தோற்ற காமராஜர்: தோல்விக்குப் பிறகு என்ன செய்தார்?

காமராஜரையே தோற்கடித்த ஊர்தானே இது என்று ஒரு பேச்சு தமிழ்நாட்டில் உண்டு. எந்தக் கட்சி தோற்றாலும் அதன் தொண்டர்கள் ஆறுதலுக்கு எடுத்துக்கொள்ளும் வசனம் இது. நல்லது செய்தவரை மக்கள் மறந்துவிடுவார்கள், நாம் தோற்றதில் நம் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம்.

1967இல் விருதுநகரில் நடந்ததை வைத்துக் கட்டப்பட்ட கதை இது. ஆனால், அன்றைக்குத் தோற்றவர் இந்த ஆறுதலைத் தேடிப் போகவில்லை. அப்படியென்றால் அவர் என்ன செய்தார்? அவருடைய கட்சி என்ன ஆச்சு?

தோற்றபோது அவர் யார்?

1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில் பிறந்தவர் காமராஜர். அந்த ஊர்தான் இன்றைய விருதுநகர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். சுதந்திரப் போராட்டத்தில் பல ஆண்டுகள் சிறையில் இருந்தவர். 1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். புதிய பள்ளிகள், மதிய உணவு, அணைகள், தொழிற்பேட்டைகள் என்று ஒன்பதரை ஆண்டுகள் ஓடின.

1963 அக்டோபர் 2 அன்று பதவியை அவரே விட்டார். மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குப் போகணும் என்பது அவருடைய திட்டம். அதற்கே காமராஜர் திட்டம் என்றுதான் பெயர். 1964இல் அகில இந்திய காங்கிரஸ் தலைவர் ஆனார். நேருவுக்குப் பிறகு சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பிறகு இந்திரா காந்தி என இரண்டு முறை பிரதமரைத் தேர்வு செய்ததில் அவர் கைதான் முக்கியமானது.

அதாவது 1967 பிப்ரவரித் தேர்தலில் விருதுநகரில் நின்றவர் நாட்டை ஆண்ட கட்சியின் தலைவர். எதிரே நின்றவர், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னுக்கு வந்த இளைஞர், திமுகவின் பெ.சீனிவாசன்.

எண்கள் என்ன சொல்கின்றன?

சீனிவாசனுக்கு 33,421 வாக்குகள். காமராஜருக்கு 32,136. வித்தியாசம் 1,285.

சொந்த ஊரில் அவர் மட்டும் தோற்கவில்லை. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அமைச்சர்களில் ஜெயித்து வந்தவர் பூவராகன் ஒருவர்தான். மொத்தம் 234 இடங்களில் திமுகவுக்கு 137, காங்கிரஸுக்கு 51. மக்களவையில் 39 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை வெறும் மூன்று.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கு. வாக்கு சதவீதத்தில் காங்கிரஸ்தான் முதலிடம்: காங்கிரஸ் 41.10, திமுக 40.69. 1962இல் காங்கிரஸுக்கு விழுந்தவை ஏறக்குறைய 58 லட்சம் வாக்குகள். 1967இல் 62 லட்சத்துக்கும் மேல். ஆக, காங்கிரஸுக்கு ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருந்தது.

மக்கள் நன்றி மறந்துவிட்டார்கள் என்ற வாதம் இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது. அப்புறம் எப்படித் தோற்றார்கள்?

தோல்விக்கு என்ன காரணம்?

முதல் காரணம் கூட்டணிக் கணக்கு. திமுக, ராஜாஜியின் சுதந்திரா கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கட்சிகளை அண்ணா ஒரே பக்கம் கொண்டுவந்தார். முந்தைய தேர்தல்களில் சிதறிப்போன எதிர்ப்பு ஓட்டு இந்த முறை ஒரே இடத்தில் விழுந்தது. திமுக போட்டியிட்டது 174 இடங்களில்தான். மீதியைக் கூட்டணிக்கு விட்டுக்கொடுத்தது. அதனால்தான் மாநில அளவில் அதன் சதவீதம் காங்கிரஸைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது.

இரண்டாவது அரிசி. பஞ்சமும் விலைவாசியும் வீட்டு அடுப்படி வரை வந்திருந்த நேரம் அது. ரூபாய்க்குப் படி அரிசி என்று திமுக கொடுத்த வாக்குறுதி எடுபட்டது.

மூன்றாவது மொழி. 1965 ஜனவரியில் வெடித்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அரசு துப்பாக்கியால் அடக்கியது. அந்தத் தலைமுறை மாணவர்களைக் காங்கிரஸ் அப்போதே இழந்துவிட்டது. இதோடு, 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த படம் சுவரொட்டிகளாக ஊர் ஊராகப் போனது.

இதெல்லாம் ஒரே நாளில் முளைத்ததும் இல்லை. 1957இல் திமுகவினர் ஜெயித்தது 15 இடம். 1962இல் 50. பத்து வருஷமாக ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் 1967இல் கரையைத் தாண்டியது, அவ்வளவுதான்.

தொண்டர்கள் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம்

காங்கிரஸ் தொண்டர்களுக்கு இது இழவு வீடு மாதிரி. ஒரு மாணவரிடம் தங்கள் தலைவர் தோற்றதை அவர்களால் செரிக்க முடியவில்லை. கோபம் முதலில் வாக்காளர்கள் மேல் திரும்பியது. பிறகு மாணவர்கள் மேல், சினிமா மேல்.

காமராஜருக்குச் சாக்குச் சொல்ல நிறையவே இருந்தது. 1,285 என்பது சில வாக்குச்சாவடிகளில் தீர்மானமாகிற எண்ணிக்கை. கட்சிக்கு வாக்கு சதவீதமும் அதிகம். ஆனால், அவர் முடிவை மக்கள் தீர்ப்பு என்று ஏற்றுக்கொண்டார். புதிய அரசுக்கு அவகாசம் கொடுக்கணும், எடுத்த எடுப்பிலேயே குறை சொல்லிக் கிளம்பக் கூடாது என்பதுதான் கட்சிக்காரர்களுக்கு அவர் சொன்னது.

தோல்வியைக் காரணம் காட்டி முடங்கிப்போகவும் இல்லை. 1967 மார்ச்சில் டெல்லியில் பிரதமர் பதவிக்கு இந்திரா காந்தியும் மொரார்ஜி தேசாயும் மோதும் நிலை. தன் தொகுதியையே இழந்திருந்த காமராஜர்தான் நடுவில் நின்று பேசினார். இந்திரா பிரதமர், மொரார்ஜி துணைப் பிரதமர் என்று சமரசம் ஆனது. அதே மாதம் 6ஆம் தேதி சென்னையில் அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்றிருந்தார்.

அந்தப் பக்கமும் பார்க்கணும். அந்தத் தேர்தலில் பெரியார் காமராஜருக்காகப் பிரசாரம் செய்தவர், திமுகவைக் கடுமையாகத் தாக்கியவர். ஜெயித்ததும் அண்ணா திருச்சிக்குப் போய் அவரைப் பார்த்தார். தோற்ற பக்கம் நின்ற பெரியார் பிறகு அந்த ஆட்சிக்கு ஆதரவானார். தோற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில், ஜெயித்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கும் பங்கு இருக்கு.

திரும்ப வந்தாரா?

வந்தார். நாகர்கோவில் மக்களவை உறுப்பினர் நேசமணி 1968இல் இறந்ததால் அங்கே இடைத்தேர்தல் வந்தது. 1969 ஜனவரியில் காமராஜர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். விருதுநகர் தோல்விக்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காங்கிரஸ்காரர்களுக்கு உயிர் வந்தது.

ஆனால், அதே வருஷம் நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. காமராஜர் இந்திராவுக்கு எதிரான பழைய காங்கிரஸில் நின்றார். 1971 தேர்தலில், 1967இல் தன்னை வீழ்த்திய கூட்டணியைக் கட்ட உதவிய ராஜாஜியுடனே கைகோத்தார். எதிரே திமுகவும் இந்திராவும் ஒரே அணி. இந்திரா காங்கிரஸ் சட்டமன்றத்துக்கு ஒரு இடத்தில்கூட நிற்காமல் திமுகவுக்கு வழிவிட்டது.

முடிவு 1967ஐவிட மோசம். திமுகவுக்கு 184, பழைய காங்கிரஸுக்கு 15. தமிழ்நாட்டிலிருந்து அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே எம்.பி. நாகர்கோவிலில் ஜெயித்த காமராஜர்தான்.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு நாடு முழுக்க ஒரு வதந்தி ஓடியது. டெல்லியில் தோற்ற ஜனசங்கத் தலைவர் பல்ராஜ் மதோக், வாக்குச்சீட்டில் ரசாயனம் தடவப்பட்டிருந்தது, போட்ட முத்திரை மறைந்து வேறு சின்னத்தில் தெரிந்தது என்று குற்றம் சாட்டினார். நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. இயந்திரம் வருவதற்கு முன்பும் தோற்றவர்களுக்குச் சந்தேகப்பட ஏதாவது ஒன்று இருந்தது. அன்றைக்கு மை.

ஏற்றுக்கொண்டால் மட்டும் போதுமா?

இதுதான் காமராஜர் வாழ்க்கையின் கடைசிப் பகுதி விட்டுச்செல்லும் சிக்கலான கேள்வி.

தோல்வியை ஏற்பது ஒரு பண்பு. தோல்வியைப் படிப்பது வேறு வேலை. முதல் வேலையில் காமராஜர் நூற்றுக்கு நூறு. இரண்டாவதில் அவருடைய கட்சி தேறவில்லை. எதிர்ப்பு ஓட்டை ஒன்றுசேர்க்கும் வித்தையை அண்ணா 1967இல் காட்டியிருந்தார். பழைய காங்கிரஸ் 1971இல் கூட்டணி அமைத்தது உண்மைதான். ஆனால், எதிர்ப்பு ஓட்டிலேயே ஒரு பங்கு இந்திரா வழியாக திமுக பக்கம் போயிருந்தது. அரிசிக்கும் மொழிக்கும் என்ன பதில் என்பதைவிட, காமராஜர் ஆட்சி திரும்ப வரணும் என்ற ஏக்கமே கட்சி மேடைகளில் ஓங்கி ஒலித்தது.

இதன் விலை 1973 மே மாதம் தெரிந்தது. திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் ஆளும் திமுக மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. திமுக மேல் இருந்த கோபம் அறுவடைக்குத் தயாராக இருந்தது. ஆனால், அறுத்துக்கொண்டு போனது பழைய காங்கிரஸ் இல்லை. பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத அதிமுக. பழைய காங்கிரஸுக்கு இரண்டாம் இடம். எதிர்க்கட்சி என்ற இடத்தையும் எம்.ஜி.ஆர். எடுத்துக்கொண்டார்.

1975 அக்டோபர் 2 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில், காமராஜர் காலமானார். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுப் பழைய காங்கிரஸின் பெரும்பகுதி இந்திரா காங்கிரஸில் கலந்தது. அதே ஆண்டு அவருக்கு பாரத ரத்னா கிடைத்தது. அவர் உயிரோடு இருந்தபோதும் பிறகும், 1967இல் இழந்த ஆட்சி தமிழ்நாட்டில் காங்கிரஸுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

காமராஜரையே தோற்கடித்த மக்கள் என்று சொல்லும்போது இவ்வளவும் மறைந்துபோகிறது. 41 சதவீத மக்கள் அன்றைக்குக் காங்கிரஸோடுதான் நின்றார்கள். விருதுநகரில் 32,136 பேர் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். அவர்களைத் தக்கவைத்துக்கொண்டு, வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்க வேண்டிய நேரத்தில், தொண்டர்கள் மொத்த ஊரையும் திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டு வாங்கியவர்கள் அடுத்த தேர்தலிலும் ஓட்டுப் போடப் போகிறவர்கள் என்பது தோற்றவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் திட்டவில்லை.