மரத்தை உறவாக்கிய கவிஞர்

1861 மே 7ஆம் நாள் கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் தோன்றிய இரவீந்திரநாத தாகூரைக் கவிஞராக உலகம் அறியும். மரத்தோடும் மழையோடும் மக்கள் மனத்தைப் பிணைக்க அவர் ஆற்றிய தொண்டு அத்துணை அறியப்படவில்லை.

செல்வர் மனையில் பிறந்தும் இளமையில் அவருக்கு வெளியுலகம் மறுக்கப்பட்டது. பணியாள் ஒருவன் அவரை ஓர் அறையில் அமர்த்திச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அதனைக் கடத்தல் ஆகாது என்று அச்சுறுத்திச் செல்வான். கோட்டைக் கடந்த சீதைக்கு நேர்ந்ததை அறிந்த பிள்ளை அசையாதிருக்கும். (கம்பரிடம் இல்லாத அக்கோடு வங்க இராமாயணத்தில் உண்டு.) சாளரத்தின் கீழே ஒரு குளம், அதன் கரையில் விழுதூன்றிய ஆலமரம், அப்பால் தென்னைகள். பகலெல்லாம் அவற்றையே பார்த்திருப்பார். தாயகம் விட்டு வந்து அடுக்குமாடிகளில் வளரும் நம் பிள்ளைகட்கு அவ்வொரு மரமேனும் வாய்த்துள்ளதா என்பது ஐயமே.

1873இல் தந்தையாருடன் போல்பூர் சென்றபோதுதான் அவர் தடையின்றித் திரிந்தார். செம்மண் ஓடைகளில் கூழாங்கற்கள் பொறுக்கி மகிழ்ந்தார். பின்னர்ப் பத்மா நதியில் படகிலேயே நெடுநாள் வாழ்ந்தார். 1901இல் அதே போல்பூரை அடுத்த சாந்திநிகேதனத்தில் ஐந்தே மாணாக்கருடன் பள்ளி தொடங்கியபோது, வகுப்புகள் மரநிழலில் நடந்தன. தம்மை அடைத்து வைத்த நான்கு சுவர்களைப் பிறர் பிள்ளைகட்கு அவர் எழுப்பவில்லை.

1928இல் அங்கு மரம் நடுவிழா தொடங்கினார். கன்று ஊர்வலமாக எடுத்து வரப்பட்டது. பாட்டும் மந்திரமும் முழங்கின. நடப்பட்டது மகிழங்கன்று. வீட்டுக்கு வரும் மணமகளை வரவேற்பது போன்ற சிறப்பு! மரம் பயன் தரும் என்று எண்ணிக்கை காட்டி அவர் அறிவுறுத்தவில்லை. அன்பு பிறந்தால் பேணுதல் தானே வரும் என்பது அவர் நெறி. அவ்விழாவுக்கென அவர் எழுதிய பலாய் என்னும் சிறுகதையில், பாதை நடுவே முளைத்த இலவங்கன்றை ஒரு சிறுவன் உயிராய்க் காக்கிறான். அவன் தொலைவில் இருக்கையில் சிற்றப்பன் அதனை வெட்டிவிடுகிறான். சிற்றன்னையோ இரு நாள் உணவு கொள்ளவில்லை. கதை அவ்வளவே. ஆயினும், அதனைப் படித்தவர் கை கோடரியை எடுக்குமுன் சற்றே தயங்கும் என்பது என் துணிபு.

1941 ஆகஸ்டு 7ஆம் நாள், வங்கக் கணக்கில் சிராவணத் திங்கள் 22ஆம் நாள், கவிஞர் மறைந்தார். ஆண்டுதோறும் அந்நாளில் சாந்திநிகேதனத்தார் ஒரு கன்றைப் பாட்டோடு எடுத்துச் சென்று நடுகின்றனர்.