மலையேறி லொரெத்தானின் வாழ்வும் வழக்கும்

உலகில் எண்ணாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் 14 சிகரங்களிலும் ஏறிய மூன்றாவது மனிதர் என்று பதிவு பெற்றவர், ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் மாநிலத்தைச் சேர்ந்த எரார் லொரெத்தான். 2011ஆம் ஆண்டு மலையிலேயே உயிரிழந்த அவர், சொந்த மண்ணில் பெரிதும் நேசிக்கப்பட்டவர். அதே மனிதர்தான் தனது கைக்குழந்தையின் மரணத்துக்குக் காரணமானவர் என நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரும்.

பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய இரு மொழிகளும் பேசப்படும் ஃப்ரிபூர்க் மாநிலத்தின் தென்பகுதியில், பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்ற குருயேர் வட்டாரம் இருக்கிறது. அதன் தலைநகரான புல் என்ற சிறு நகரில் 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி லொரெத்தான் பிறந்தார். அப்பகுதியின் மலைகள் ஆல்ப்ஸ் தொடரின் உயரமான மலைகள் அல்ல. மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமே 2,389 மீட்டர்தான். ஆனால் அங்குள்ள செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் ஏறிப் பழகுவதற்கு ஏற்றவை. 11 வயதில் ஏறத் தொடங்கிய சிறுவன், மரத் தளபாடத் தொழில் பயின்று, 1981இல் மலை வழிகாட்டியாகத் தகுதி பெற்றார்.

அக்காலத்தில் இமயமலைப் பயணம் என்பது ஏறக்குறைய ஒரு படையெடுப்பு. நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகள், மலைச்சரிவில் வரிசையாக முகாம்கள், நீளமான கயிறுகள், பிராணவாயுக் குப்பிகள், வாரக்கணக்கான காத்திருப்பு. லொரெத்தானும் அவரது தோழர் ஜான் துருவாயேயும் இவை அனைத்தையும் கைவிட்டனர். 1986 ஆகஸ்ட் மாத இறுதியில் எவரெஸ்ட்டின் வடமுகத்தில் கயிறோ கூடாரமோ பிராணவாயுவோ இன்றி, குளிர் கடுமையாக இருக்கும் இரவில் ஏறி, வெயில் படும் பகலில் ஓய்வெடுத்து, இரண்டு நாட்களுக்கும் குறைவான நேரத்தில் உச்சியை அடைந்து திரும்பினர். இறங்கும்போது பெரும்பகுதியைப் பனியில் அமர்ந்தபடியே சறுக்கிக் கடந்தனர். மலையேற்ற வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்க சாதனைகள் மிகச் சிலவே.

வேகம் அவருக்குப் பகட்டு அல்ல. அந்த உயரத்தில் மனித உடல் நாழிகைக்கு நாழிகை அழிந்துகொண்டிருக்கும் என்பதால், அங்கே தங்கும் நேரத்தைக் குறைப்பதே பாதுகாப்பு என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எல்லோரையும் காப்பாற்றவில்லை. 1982இல் அவர் தமது முதல் எண்ணாயிர மீட்டர் சிகரமான நங்கா பர்பத்தில் ஏறிய பயணத்திலேயே சக வீரர் ஒருவர் இறந்தார். 1986இல் சோ ஓயு மலையில் நெருங்கிய தோழர் பியேர் அலன் ஸ்டைனர் விழுந்து உயிரிழந்தார்.

14ஆவது சிகரம் நேபாளத்துக்கும் சிக்கிமுக்கும் இடையிலுள்ள கஞ்சன்ஜங்கா. 1995 அக்டோபரில் அங்கு சென்றபோது, பிரான்சின் பெனுவா ஷாமூவும் அதே மலையில் தமது கடைசிச் சிகரத்தைத் தேடி வந்திருந்தார். இத்தாலியின் ரைன்ஹோல்ட் மெஸ்னர், போலந்தின் யெர்ஸி குகுச்கா ஆகியோருக்கு அடுத்த மூன்றாவது இடம் யாருக்கு என்று பத்திரிகைகள் இதை ஒரு பந்தயமாகவே சித்தரித்தன. அக்டோபர் 5ஆம் தேதி லொரெத்தானும் துருவாயேயும் உச்சியைத் தொட்டுத் திரும்பினர். ஷாமூ திரும்பவே இல்லை. லொரெத்தானுக்கு அப்போது வயது 36.

மரணத்தை இத்தனை அருகில் கண்டு, ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்துப் பழகிய அந்த மனிதருக்குப் பெருந்துயரம் நேர்ந்தது வீட்டுக்குள். 2001 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னர், அழுகையை நிறுத்தாத தமது ஏழு மாத ஆண் குழந்தையை அவர் சில நொடிகள் பிடித்து உலுக்கினார். குழந்தை இறந்துவிட்டது.

சிசுவின் தலை உடலோடு ஒப்பிடுகையில் கனமானது. கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. வேகமாக உலுக்கும்போது மூளை மண்டையோட்டுக்குள் முன்னும் பின்னும் அசைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுந்து இரத்தம் கசிகிறது. வெளியே ஒரு கீறலும் தென்படாமல் போகலாம். அழுகையைத் தாங்க முடியாத நிலையில் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் அறையைவிட்டு வெளியேறுவதே மேல் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். பாட்டியோ அத்தையோ கைமாற்றி ஏந்திக்கொள்ளும் வீடுகளில் இந்த அறிவுரைக்கு அவ்வளவாகத் தேவை இருந்திருக்காது. கணவனும் மனைவியும் முறை மாற்றி வேலைக்குச் செல்லும் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் அடுக்குமாடி வீடுகளில் அது தேவைப்படுகிறது.

ஸ்விட்சர்லாந்துப் பத்திரிகைகள் பொதுவாகக் குற்றம் சாட்டப்பட்டோரின் பெயரை வெளியிடுவதில்லை. லொரெத்தான் அந்த மறைவை நாடவில்லை. ஒரு கண நேர உலுக்கல் உயிரைப் பறிக்கும் என்பதை மற்றப் பெற்றோர் அறியட்டும் என்று, தமது பெயர் வெளிவருவதற்கு அவரே சம்மதித்தார். 2003இல் நீதிமன்றம் அவரைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளி எனக் கண்டு, நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அதன் பின்னர் அந்நாட்டில் பல பெற்றோர் இந்த ஆபத்தைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்பட்டது அவரது பெயரோடு சேர்த்துத்தான். இச்செயல் குற்றத்தை அழித்துவிடாது. அவரும் அவ்வாறு உரிமை கோரவில்லை. ஆயினும் புகழ்பெற்ற ஒருவர் தமது புகழை இதற்குப் பயன்படுத்துவது அரிது.

தொடர்ந்து அவர் வழிகாட்டியாகவே பணியாற்றினார். 2011 ஏப்ரல் 28 அவரது 52ஆவது பிறந்தநாள். அன்று தமது துணைவியுடன் ஒரே கயிற்றில் பிணைந்து, 4,043 மீட்டர் உயரமுள்ள க்ரூன்ஹார்ன் சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். உச்சிக்கு அருகே இருவரும் சரிந்து விழுந்தனர். துணைவி பலத்த காயங்களுடன் உயிர் தப்பினார். லொரெத்தான் அங்கேயே உயிரிழந்தார்.