உள்ளக் கோட்டைக்குக் காவலிருந்தவர்

இங்கிலாந்தில் பெட்போர்டு என்று ஓர் ஊர். 1661-ம் ஆண்டில் அந்த ஊர்ச் சிறைச்சாலையிலே ஒரு கைதி உட்கார்ந்து, நாடாக்களின் நுனியில் உலோக முனை பொருத்திக்கொண்டிருந்தார். கட்டுக் கட்டாக நாடா செய்து விற்றால்தான் வெளியே இருக்கும் மனைவிக்கும் நான்கு குழந்தைகளுக்கும் சாப்பாடு. அந்த நால்வரில் மூத்த பெண்ணுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது.

அவர் திருடியவரல்ல, கொலை செய்தவருமல்ல. இங்கிலாந்துத் திருச்சபையின் அனுமதி இல்லாமல் கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்தார் என்பதே குற்றம். இனிமேல் பிரசங்கம் செய்வதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலே கிடந்தார்.

அவர்தான் ஜான் பன்யன். 'மோட்சப் பிரயாணம்' என்ற நூலால் உலகப் புகழ் பெற்றவர். இத்தனை உறுதி அவருக்குப் பிறவியிலே வந்ததல்ல. பெட்போர்டுச் சிறைக்கு வருவதற்கு முன்பே, அதைவிடக் கொடிய சிறை ஒன்றில் அடைபட்டு மீண்டவர் அவர். அந்தச் சிறை அவருடைய சொந்த மனம்தான்.

பாத்திரம் பழுது பார்த்தவர்

1628-ம் ஆண்டு, பெட்போர்டுக்கு அருகே எல்ஸ்டோ என்ற கிராமத்தில் பன்யன் பிறந்தார். தகப்பனார் தாமஸ் பன்யன் ஓட்டைப் பாத்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலாளி. மகனும் கொஞ்சம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, அதே தொழிலுக்கு வந்தார்.

1644-ம் ஆண்டு அந்தக் குடும்பத்துக்குப் பொல்லாத ஆண்டு. ஜூன் மாதம் தாயார் இறந்தார். அடுத்த மாதமே தங்கை மார்கரெட் இறந்தாள். சில மாதங்களுக்குள் தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள், பதினாறு வயதுப் பையன் பட்டாளத்தில் இருந்தான்.

அப்போது முதலாம் சார்லஸ் மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பன்யன் பார்லிமெண்டுப் படையில் சேர்ந்து, நியூபோர்ட் பாக்னெல் என்ற ஊரைக் காத்துவந்த காவல் படையில் இருந்தார். ஒருமுறை, முற்றுகை ஒன்றுக்குப் போக வேண்டியவர் அவர். வேறொரு சிப்பாய் கேட்டுக்கொண்டு அவருக்குப் பதிலாகப் போனான். காவல் நின்ற இடத்திலே தலையில் குண்டு பாய்ந்து அந்தச் சிப்பாய் மாண்டான். காவல் என்றால் என்ன என்பதைப் பன்யன் இளம் வயதிலேயே உணர்ந்துவிட்டார்.

போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு 1649-ம் ஆண்டு வாக்கில் கலியாணம் நடந்தது. ஊரார் பாத்திரங்களுக்கெல்லாம் ஒட்டுப் போட்டவர் வீட்டிலே ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இல்லை! மனைவி கொண்டுவந்த சீதனம், அவருடைய தகப்பனார் விட்டுப்போன இரண்டு பக்தி நூல்கள்தாம். இருவரும் அவற்றைச் சேர்ந்து படித்தார்கள். 

கிட்டிப்புள்ளும் வாசற்படியும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்த பன்யன், நம் ஊர்க் கிட்டிப்புள் போன்ற ஓர் ஆட்டத்தில் இறங்கினார். ஒருமுறை புள்ளை அடித்துவிட்டு, மறுமுறை அடிக்கக் கை ஓங்கினார். பாவத்தை விட்டு மோட்சம் போகிறாயா, பாவத்தோடு நரகம் போகிறாயா என்று யாரோ நெஞ்சுக்குள் கேட்டது போல் இருந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அதன் பிறகு கெட்ட வார்த்தை பேசுவதை விட்டார். கோயில் மணி அடிப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம், அதையும் விட்டார். நடனத்தை விட்டார். அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். அவருக்கும் தம்மைப் பற்றித் திருப்தியாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு நாள், தொழில் நிமித்தமாகப் பெட்போர்டுக்குப் போனபோது, மூன்று நான்கு ஏழைப் பெண்கள் ஒரு வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டு பேசியிருந்ததைக் கேட்டார். தங்கள் உள்ளத்திலே கடவுள் செய்த மாற்றத்தைப் பற்றி அவர்கள் மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வெளியே வெள்ளையடித்தோமே தவிர, உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லையே என்று உணர்ந்தார்.

அந்தப் பெண்கள் ஜான் கிபர்டு என்ற போதகரின் சபையைச் சேர்ந்தவர்கள். கிபர்டு ஒரு காலத்தில் மன்னர் படையில் அதிகாரி. மரண தண்டனையிலிருந்து தப்பியவர். எதிரணியில் நின்றவரே பன்யனுக்கு வழிகாட்டியாக வாய்த்தார்.

ஓயாத எண்ணம்

உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் உண்மையான போர் தொடங்கியது. ஏசுநாதரை விற்றுவிடும்படி ஓர் எண்ணம் பன்யனின் மனத்தில் நுழைந்தது. அவர் அதை விரும்பவில்லை, வெறுத்தார். ஆனாலும் அது விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வந்தது. விறகு வெட்டக் குனிந்தால் வந்தது. கீழே கிடக்கும் குண்டூசியை எடுக்கப் போனாலும் வந்தது. எதிரே ஆள் நிற்பதைப்போல் கையாலும் முழங்கையாலும் அதைப் பிடித்துத் தள்ளுவார். ஏறக்குறைய ஓர் ஆண்டு இப்படிப் போயிற்று.

ஒரு காலை, படுக்கையில் கிடந்தபடி போராடிப் போராடிக் களைத்த நேரம். அவர் விரும்பினால் போகட்டும் என்பது போல் ஏதோ ஒன்று மனத்தில் ஓடி மறைந்தது. அவ்வளவுதான். தாமே சம்மதித்துவிட்டதாகப் பன்யன் நம்பிவிட்டார். ஒருவேளைக் கூழுக்காகத் தலைமகன் உரிமையை விற்ற ஏசாவின் கதை பைபிளில் வருகிறது. அந்த ஏசா தாமேதான் என்று எண்ணி, சுமார் இரண்டு ஆண்டுகள் வெந்து மாய்ந்தார்.

வேண்டாம் வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் எண்ணங்களை மருத்துவர்கள் இன்று நன்கு அறிவார்கள். 1902-ம் ஆண்டில் வில்லியம் ஜேம்ஸ் என்ற மனநூல் அறிஞர், சமய அனுபவங்களை ஆராய்ந்த தம் புகழ்பெற்ற நூலில் பன்யனின் வேதனையையும் எடுத்து விளக்கினார். ஆனால் பன்யன் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. தம்மைப்போல் வேறு ஒருவர் துடித்ததுண்டா என்று பழைய நூல்களில் தேடினார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் செய்த விளக்கவுரை, தொட்டால் உதிரும் பழைய பிரதியாக அவர் கையில் கிடைத்தது. தம் நெஞ்சைப் பார்த்து எழுதினாற்போல் இருந்தது அது.

கடைசியில் ஒரு நாள், வயல்வெளியைக் கடந்து போகையில் ஒரு தெளிவு பிறந்தது. தம்மைத் தாங்கும் நீதி தம் மனத்தில் இல்லை. அது மேலே, கடவுளின் வலப்பக்கத்தில், கிறிஸ்துவிடம் இருக்கிறது. தம் மனம் நன்றாக இருக்கும் நாளில் அது கூடுவதில்லை. கலங்கிக் கிடக்கும் நாளில் அது குறைவதுமில்லை. காலில் கிடந்த விலங்கு கழன்றது போல் இருந்தது பன்யனுக்கு. எண்ணங்கள் அதோடு அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணத்துக்கும் நடுங்கும் நிலை மாறியது. மனத்தைக் காக்கும் பாரம் முழுவதும் தம் தலைமேல் இல்லை என்று கண்டுகொண்டார்.

சிறைக்குள் ஒரு போர்

பன்யன் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். நொந்த உள்ளம் அறிந்தவர் பேச்சைக் கேட்க ஜனங்கள் திரண்டார்கள். 1658-ல் முதல் மனைவி காலமானார். அடுத்த ஆண்டு எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். 1660-ல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும் காற்றுத் திசை மாறியது. அந்த ஆண்டு நவம்பர் 12-ந்தேதி, லோயர் சாம்செல் கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டுக் கூட்டத்தில் பன்யன் கைதானார். வாரண்டு பிறந்திருப்பது அவருக்கு முன்பே தெரியும். தப்பவும் நேரம் இருந்தது. தாம் ஓடினால் புதிதாக நம்பிக்கை கொண்டவர்கள் என்ன ஆவார்கள் என்று எண்ணி நின்றுவிட்டார்.

அந்த அதிர்ச்சியில் கர்ப்பவதியான எலிசபெத்துக்குக் காலம் முந்திப் பிரசவ வலி கண்டது, குழந்தை பிழைக்கவில்லை. அந்தத் துயரத்தோடும், தாம் பெறாத நான்கு குழந்தைகளைக் காக்கும் பொறுப்போடும், 1661 ஆகஸ்டில் அந்த இளம் பெண் நீதிபதிகள் முன் நின்று கணவருக்காக மன்றாடினார். மாத்யூ ஹேல் என்ற நீதிபதி இரக்கத்தோடு கேட்டார். ஆனாலும் விடுதலை கிடைக்கவில்லை.

சிறையிலே பன்யனின் உள்ளக் கோட்டையை மறுபடி இரண்டு படைகள் தாக்கின. ஒன்று, பாசம். கண் தெரியாத மகள் பசியோடும் குளிரோடும் பிச்சைக்கு அலைவாளோ என்ற நினைவு அவர் நெஞ்சை அறுத்தது. தம் வீட்டைத் தாமே இடித்து மனைவி மக்கள் தலையில் தள்ளுகிறோமோ என்று கலங்கினார். மற்றொன்று, பயம். தூக்கு மேடை ஏணியில் கால் நடுங்கி, முகம் வெளுத்து, தம் விசுவாசத்துக்கே இழுக்குத் தேடிவிடுவோமோ என்று அஞ்சினார். மன ஆறுதல் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, கடவுளை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது என்று முடிவு செய்தபோதுதான் பயம் பின்வாங்கியது. குடும்பத்தையும் அப்படியே கடவுளிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இராமல், நாடா செய்தார்.

சிறையிலிருந்தபடியே 1666-ல் தம் மனப்போராட்டத்தையெல்லாம் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார். 1672-ல் விடுதலை. பிறகு மீண்டும் சுமார் ஆறு மாதம் சிறை. 1678-ல் 'மோட்சப் பிரயாணம்' வெளிவந்தது.

ஐந்து வாசல் நகரம்

1682-ல் அவர் எழுதிய மற்றொரு நூலின் பெயர் 'பரிசுத்த யுத்தம்' என்று பொருள்படும். பழைய சிப்பாய் எழுதிய போர்க்கதை அது. மனித ஆத்மாதான் அதில் வரும் நகரம். நகரத்துக்கு ஐந்து வாசல்கள். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று நாம் சொல்லும் ஐம்பொறிகள்தாம் அவை. மதிற்சுவர் எவராலும் இடிக்க முடியாதது. உள்ளே இருப்பவர்கள் சம்மதித்தால் ஒழிய எந்தப் பகைவனும் நுழைய முடியாது. சைத்தான் செவி வாசலில் வந்து நயமாகப் பேசுகிறான், கதவு திறக்கிறது, நகரம் விழுகிறது. அரசகுமாரன் இம்மானுவேல் வந்து அதை மீட்கிறார். மீட்ட பிறகும், சுவர்ப் பொந்துகளில் பகைவனின் ஆட்கள் சிலர் ஒளிந்தே இருக்கிறார்கள். நகரத்தார் அசந்துவிடாமல் விழித்திருக்க வேண்டும் என்பதற்காக இம்மானுவேல் அவர்களை அப்படியே விட்டுவைக்கிறார்.

வாசலில் வந்து கூச்சலிடுகிறவன் வேறு, கதவைத் திறந்துவிடுகிறவன் வேறு. இந்த ஒரு வேற்றுமை தெரியாமல்தான் இளம் பன்யன் இரண்டு ஆண்டுகள் வெந்தார். பட்ட பாட்டிலே கற்ற அந்தப் பாடத்தைப் பிறருக்கு உதவும்படி கதையாக்கினார். சிறையிலிருந்த பவுல், பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய நிருபத்தில், கடவுள் தரும் சமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காக்கும் என்று தெரிவித்தார். காத்தல் என்பதற்கு அங்கே அவர் ஆண்ட கிரேக்கச் சொல், நகரத்தைப் படை நிறுத்திக் காப்பதைக் குறிக்கும் சொல். நியூபோர்ட் பாக்னெலில் காவல் படையில் இருந்த பன்யனின் வாழ்க்கைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

கடைசிப் பயணம்

1688-ல் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் மனத்தாங்கல். அவர்களைச் சேர்த்துவைக்கக் குதிரையேறி ரெடிங் நகரத்துக்குப் போனார் பன்யன். காரியம் பலித்தது. அங்கிருந்து லண்டனுக்கு வரும் வழியில் கடும் மழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டு, ஆகஸ்டு 31-ந்தேதி நண்பர் வீட்டில் காலமானார். லண்டன் பன்ஹில் மைதானக் கல்லறையில் அடக்கமானார்.

நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பன்யனின் நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியம் பாடினார். 1894-ல் அது வெளிவந்தது. ஓட்டைப் பாத்திரம் அடைத்தவரின் கதை அப்படித் தமிழ்க் காவியமும் ஆயிற்று.

தன்னை அறியாமல் ஓடி மறைந்த ஓர் எண்ணத்துக்காகத் தன்னையே சபித்துக்கொண்டு தூக்கமின்றித் தவிப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. எண்ணம் வந்ததாலேயே கோட்டை விழுந்துவிடவில்லை என்பதற்குப் பெட்போர்டுப் பாத்திரத் தொழிலாளியின் வாழ்க்கை சாட்சி.