இங்கிலீஷ் வாத்தியார் வில்லியம் மில்லர்



இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு ஷேக்ஸ்பியர் எதுக்கு? ஃபர்ஸ்ட் இயர் இங்கிலீஷ் பீரியடில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாம் கேட்ட கேள்விதான் இது. அதற்கு எனக்குப் பதில் கிடைத்தது வெகுநாள் கழித்து, பாரிமுனையில்!

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போகும்போதெல்லாம் ஹைகோர்ட் எதிரே ஆண்டர்சன் சர்ச்சைப் பார்ப்பேன். 1937-ல் தாம்பரத்துக்குப் போகும் வரை சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இருந்தது அந்தப் பகுதியில்தான். அதை வளர்த்தவர் டாக்டர் வில்லியம் மில்லர்.

1838-ல் ஸ்காட்லாந்தின் வடகோடியில் தர்ஸோ என்ற ஊரில் பிறந்தவர். 1862-ல், 24 வயதில், மிஷனரியாகச் சென்னை வந்தார். அப்போது இங்கே இருந்தது ஒரு பள்ளிக்கூடம்தான். 1865-ல் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கினார். 1877-ல் அது கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. வெளியூர்ப் பையன்கள் தங்க ஹாஸ்டல்கள் கட்டினார். சொந்தக் காசையும் தாராளமாகப் போட்டார். எத்தனை பேரை மதம் மாற்றினார் என்று அவருடைய நாட்டிலேயே குறை சொன்னார்கள். மனிதனை உருவாக்குவதுதான் கல்லூரியின் வேலை என்று அவர் தன் வழியிலேயே போனார்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர் பாடம் நடத்துவதை விடவில்லை. ஷேக்ஸ்பியர் என்றால் அவருக்கு உயிர். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லியர், மாக்பெத், ஒதெல்லோ, ஹாம்லெட் நான்கைப் பற்றியும் தனித்தனியாகப் புத்தகம் எழுதினார். லியர் கதையை இந்திய அரசியலோடு சேர்த்துப் பார்த்தார். ஹாம்லெட்டில் அவர் கண்டது, ஒரு நல்ல வாழ்க்கை வீணாய்ப் போன கதையை. பரீட்சைக்கு நோட்ஸ் கொடுக்கிற வேலை இல்லை இது. எதிரே உட்கார்ந்திருக்கும் பையனின் வாழ்க்கைக்குப் பாடம்!

தமிழையும் அவர் ஒதுக்கவில்லை. படகுத் துடுப்பைப் பற்றிய டென்னிசன் வரியை வகுப்பில் வியந்தபோது, ஒரு மாணவர் எழுந்து கம்பன் பாட்டை ஒப்பிட்டுச் சொன்னாராம். ஆசிரியர் அசந்துபோனார் என்பார்கள். அந்த மாணவர்தான் பின்னாளில் பரிதிமாற் கலைஞர் ஆன சூரியநாராயண சாஸ்திரியார். அதே கல்லூரியில் தமிழாசிரியராகவும் ஆனார்.

1901 முதல் 1904 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். உயிரோடு இருக்கும்போதே மாணவர்கள் சிலை வைத்தார்கள். 1907-ல் ஓய்வு. 1923-ல் ஸ்காட்லாந்தில் மறைந்தார்.

நமக்கு முக்கியமான சேதி ஒன்று உண்டு. 1891-லேயே பழைய மாணவர்களைக் கூட்டி அவர் காலத்தில் ஒரு சங்கம் அமைந்தது. டிகிரி கொடுத்ததோடு மாணவனைக் கைகழுவி விடாத ஆசிரியர்!

நாம்தான் கைகழுவி விட்டோம். நம்ம இங்கிலீஷ் சார் ரிட்டயர் ஆகிப் பல வருஷமாச்சு. ஒருதரம்கூட நான் போய்ப் பார்க்கவில்லை. இந்த ரீயூனியனுக்கு அவரை நானே போய் அழைத்துவரப் போகிறேன். இந்தத் தடவை முதல் பெஞ்சில்தான் உட்காருவேன்!