பண்டிதை ரமாபாய்

முகப்பேர் என்னும் நம் ஊர்ப்பெயரை மகப்பேறு என்பதன் திரிபு என்று பெரியவர்கள் சொல்வர். இங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் பிள்ளைவரம் வேண்டி வருவோர் இன்றும் பலர். வரம் கேட்கும் தாய் பிள்ளை வேண்டும் என்றுதான் கேட்கிறாள். இத்தனை மதிப்பெண் வாங்கும் பிள்ளை வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வீட்டின் பேச்சே மாறிவிடுகிறது. பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017 ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. அரசு நிறுத்தியதை நம் வீடுகள் இன்னும் நிறுத்தவில்லை. அறிவை அளந்து ஆளுக்கு விலை போடும் இவ்வழக்கத்தை எண்ணும்போது நினைவுக்கு வருபவர் பண்டிதை ரமாபாய் அம்மையார். அறிவுக்காக இந்நாட்டின் பண்டிதர்கள் ஒரு பெண்ணுக்குச் சூட்டிய மிக உயர்ந்த பட்டத்தைப் பெற்றவர் அவர். அப்படிப்பட்டவர், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராத பெண்களுக்கிடையே தம் கடைசிக் கால் நூற்றாண்டைக் கழித்தார்.

ரமாபாய் 1858 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் நாள், இன்றைய கருநாடக மாநிலத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் கங்காமூலம் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே பெரும் வடமொழி அறிஞர். மனைவி இலட்சுமிபாய்க்கு அவர் வடமொழி கற்பித்தது அந்நாளில் பெருங்குற்றமாகப் பட்டது. உடுப்பியில் பண்டிதர் சபை முன் நின்று, பெண் கற்பது சாத்திரத்துக்கு விரோதமன்று என்று அவர் வாதாட வேண்டியிருந்தது. ரமாபாய்க்குக் கற்பித்தவர் அந்த இலட்சுமிபாயே. குடும்பம் தலம் தலமாக நடந்து புராணம் வாசித்துப் பிழைத்தது. பிரம்புக் கூடையில் தூக்கிச் செல்லப்பட்ட அக்குழந்தை வளர்ந்து, சிறு வயதிலேயே பாகவதத்தின் 18,000 சுலோகங்களை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குத் தேறியது.

அந்த நடைப்பயணம் சென்னை மாகாணத்தில் பஞ்சத்தில் சிக்கியது. கையிலிருந்த பொருளெல்லாம் தீர்ந்தபின், திருப்பதி மலைக்காட்டில் தண்ணீரும் இலைகளும் காட்டு ஈச்சம்பழமும் உணவாக அவர்கள் நாள் கழித்தனர். 1874 இல் தந்தை இறந்தார். அடுத்துத் தாயும் இறந்தார். பின்னர் தமக்கையும் போனார். எஞ்சிய ரமாபாயும் அண்ணன் சீனிவாசரும் நாட்டின் நீள அகலத்தைக் கால்நடையாகவே அளந்து 1878 இல் கல்கத்தாவை அடைந்தனர். மூன்றாண்டுகளுக்கு முன்பே மும்பை இருப்புப்பாதை நம் அம்பத்தூர், ஆவடி வழியே ராய்ச்சூர் வரை போய் இணைந்திருந்த காலம்தான் அந்த 1874. அவர்களிடம் பயணச்சீட்டுக்குக் காசில்லை.

கல்கத்தாவில் இருபது வயதுப் பெண்ணின் வடமொழிப் புலமையைக் கேட்டுப் பண்டிதர்கள் வியந்தனர். சோதித்துப் பார்த்துப் பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டம் வழங்கினர். இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். பெண்ணுக்கு வேதம் ஓதும் உரிமை இல்லை என்ற சமுதாயமே ஒரு பெண்ணைச் சரசுவதி என்றது. ஆயிரத்தில் ஒருத்திக்குக் கொடுத்த அந்தப் பட்டத்தால் மற்ற 999 பேருக்கு ஒரு சிலேட்டும் கிடைக்கவில்லை. இதை ரமாபாயே விரைவில் உணர்ந்தார். கேசவ சந்திர சேனின் தூண்டுதலால் வேதங்களையும் சாத்திரங்களையும் படிக்கப் படிக்க, நூலுக்கு நூல் எதில் மாறுபட்டாலும் பெண்களையும் சூத்திரரையும் தாழ்த்துவதில் அவை ஒன்றுபடுவதாக அவர் கண்டார். நம்பிக்கை தளர்ந்தது.

1880 இல் அண்ணன் டாக்காவில் இறந்தார். அவ்வாண்டே சாதி கடந்து, பிபின் பிகாரி என்னும் வங்காள வழக்கறிஞரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1881 இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 இல் கணவர் காலராவுக்குப் பலியானார். கைக்குழந்தையுடன் கைம்பெண்ணாகப் புனே வந்த ரமாபாய், ஆரிய மகளிர் சமாஜத்தைத் தொடங்கினார். கல்வி பற்றிய ஹண்டர் குழுவின் முன் தோன்றி, பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என்று சாட்சியம் அளித்தார்.

1883 இல் மருத்துவம் பயிலும் எண்ணத்துடன் இங்கிலாந்து சென்றார். செவிக்குறைபாட்டால் அது கைகூடவில்லை. வாண்டேஜ் என்னும் ஊரில் கன்னியர் மடத்தில் தங்கியிருந்தபோது, அச்சகோதரிகள் இலண்டனின் ஃபுல்லம் பகுதியில் நடத்திய இல்லத்தைக் கண்டார். நெறி தவறியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்களை அங்கே அவர்கள் பேணிக்கொண்டிருந்தனர். இத்தகைய பெண்களிடம் இரக்கம் காட்டச் சொல்லும் சாத்திரத்தை அதுவரை அவர் படித்ததில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டுப் பேசிய பகுதியை ஒரு சகோதரி படித்துக் காட்டினார். சாதியாலும் நடத்தையாலும் கல்வியின்மையாலும் மூன்று மடங்கு தாழ்த்தப்பட்ட ஒருத்தியிடம், சமயத்தின் மிக ஆழமான செய்தி பேசப்பட்டதைக் கேட்டு ரமாபாய் மனம் நெகிழ்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29 ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார்.

அதே 1883 இல், அதே இங்கிலாந்தில், பிரான்சிஸ் கால்டன் என்னும் அறிஞர் வெளியிட்ட நூலில்தான் இனமேம்பாட்டியல் என்ற துறைக்குப் பெயர் சூட்டப்பட்டது. திறமை பரம்பரையாக வருவது, ஆகவே திறமையுள்ளோர் பெருக வேண்டும், மற்றோர் குறைய வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், எதிரெதிரான இரு பாதைகள்! கால்டனின் அளவுகோலில் சரசுவதிப் பட்டம் பெற்ற ரமாபாய்க்கு உயர்ந்த இடமே கிடைத்திருக்கும். அவர் அதைத் தேடிப் போகவில்லை.

அதற்காகத் திருச்சபை சொன்னதையெல்லாம் அவர் தலையாட்டி ஏற்றார் என்று கொள்ளற்க. செல்ட்டனம் மகளிர் கல்லூரியில் வடமொழி கற்பித்தபோது, ஆண் மாணவர்க்கும் பாடம் சொல்ல எண்ணினார். இந்தியாவிலிருந்த ஆயர்கள் அதனைத் தடுத்தனர். அம்மையார் விடாமல் வாதாடினார். சாத்திரிகளிடம் இழந்த உரிமையை ஆயர்களிடம் அடகு வைக்க அவருக்கு மனமில்லை.

1886 இல், உறவினரான ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெறும் விழாவுக்காக அமெரிக்கா சென்றார். அங்கே ஃபிரோபலின் குழந்தைக் கல்விமுறையைக் கற்றார். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதி நிதி திரட்டினார். 1889 இல் மும்பையில் சாரதா சதன் என்னும் கைம்பெண்கள் கல்வி இல்லத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு புனேக்கு மாற்றினார். அதன் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் அதிலும் ஒரு தெரிவு இருந்தது. உயர்சாதிக் கைம்பெண்களுள் படித்து ஆசிரியையாகத் தக்கவர்களை உருவாக்குவதே அவ்வில்லத்தின் திட்டம். சிலரைத் தேர்ந்தெடுத்துக் கைதூக்கிவிடும் பணி அது. நம் கல்லூரி உட்பட எல்லாக் கல்லூரிகளும் செய்வது அதைத்தானே!

இந்தத் தெரிவை உடைத்தது பஞ்சம். 1896, 1897 ஆண்டுகளில் மத்திய மாகாணத்தில் மக்கள் மடிகிறார்கள் என்ற செய்தி வந்தது. 1874 இன் நினைவு அம்மையாரை வீட்டில் இருக்கவிடவில்லை. நேரில் சென்று, தரகர் கைகளில் சிக்கவிருந்த சிறுமியரையும் கைம்பெண்களையும் அழைத்து வந்தார். ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். புனேயில் பிளேக் நோய்க் கட்டுப்பாடுகள் இருந்தமையால் அவர்களை அங்கே வைத்துக்கொள்ள இயலவில்லை. முன்பே வாங்கியிருந்த கேட்காவ் நிலத்தில் கொட்டகைகள் எழுந்தன. முக்தி என்னும் இல்லம் இவ்வாறு உருவாயிற்று. 1900 ஆம் ஆண்டு குசராத்துப் பஞ்சத்துக்குப் பின் அங்கிருந்தோர் தொகை 2,000 அளவுக்கு உயர்ந்தது.

வந்தவர்கள் யார்? சாரதா சதனின் சுறுசுறுப்பான மாணவியரைப் போன்றோர் அல்லர். நீண்ட பட்டினியால் உடலோடு நினைவாற்றலும் மழுங்கிய சிறுமியர். நேற்றுச் சொன்னது இன்று நிற்காது. பார்வையற்றோர் வந்தனர், முதியோர் வந்தனர், மனவளர்ச்சி குன்றியோர் என்று நாம் சொல்பவர்களும் வந்தனர். ஊர் விலக்கிய பெண்களுக்குக் கிருபா சதன், முதியோர்க்கும் இயலாதோர்க்கும் பிரீதி சதன் என இடங்கள் ஏற்பட்டன. பார்வையற்றோர்க்கு மகள் மனோரமா பிரெயில் எழுத்தைக் கற்பித்தார். படிப்பு ஏறியவர் ஆசிரியையானார். ஏறாதவருக்கு நெசவு, தையல், பால்பண்ணை, வயல், எண்ணெய்ச் செக்கு, அச்சுக்கூடம் என்று வேலைகள் இருந்தன. வேலை எதுவும் செய்ய இயலாதவருக்கும் தட்டும் பாயும் இருந்தன. என் பார்வையில் முக்தியின் சிறப்பு அந்தக் கடைசி வகையினரில்தான் இருக்கிறது. தொழில் கற்றுக்கொடுத்துப் பயனுள்ளவராக்குவதை எந்த நல்ல நிருவாகியும் செய்யலாம். பயனே இல்லாதவரையும் வைத்துக்கொள்ளக் கணக்குப் பார்க்கும் மனம் இடந்தராது. ஒவ்வொருவரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர், அச்சாயல் மூளையின் கூர்மையால் கூடுவதோ குறைவதோ இல்லை என்னும் கிறித்தவக் கொள்கையே அங்கே கணக்கேடாக இருந்தது. உடலில் வலுக்குறைந்த உறுப்புகளே மிகவும் தேவையானவை என்னும் கருத்தைப் பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதியிருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

பஞ்சத்தில் வந்தவர்களை மதம் மாற்றினார் என்ற குற்றச்சாட்டு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சாரதா சதன் காலத்திலேயே, 1893 இல், இக்காரணத்தால் பெற்றோர் பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். திலகரின் கேசரி இதழ் கடுமையாகத் தாக்கியது. முக்தியில் கிறித்தவ வழிபாடும் போதனையும் வெளிப்படையாகவே நடந்தன. பசித்தவரின் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்னும் கேள்வி நியாயமானதே. அக்கேள்வியைக் கேட்பவர், அப்பெண்களைத் தேடிப் பஞ்ச நாட்டுக்குப் போனவர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

முக்தி வளர்ந்த அதே ஆண்டுகளில் உலகம் வேறு திசையில் நடந்தது. 1905 இல் பாரிசில் ஆல்பிரட் பினே, கூடுதல் உதவி தேவைப்படும் மாணவரைக் கண்டறிவதற்காக ஒரு சோதனையை அமைத்தார். உதவிக்கென்று செய்த அளவுகோல் அமெரிக்காவில் மனிதரைத் தரம்பிரிக்கும் தராசாயிற்று. 1907 இல் இந்தியானா மாநிலம், அறிவு குறைந்தோர் என்று கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. 1927 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இத்தகைய சட்டத்தை ஏற்றது. செருமனியில் 1939 முதல் நடந்தது கொலை. இங்கிலாந்தில் மறைமாவட்டக் குருக்கள் சிலர்கூட இனமேம்பாட்டியலுக்கு மேடை ஏறினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனை எதிர்த்து ஜி. கே. செஸ்டர்ட்டன் கிறித்தவ நோக்கில் ஒரு முழு நூலே எழுதினார். அந்நூல் வெளிவந்த ஆண்டு 1922. கேட்காவில் ரமாபாய் மறைந்ததும் அவ்வாண்டே.

அம்மையாரின் புலமை வீணாயிற்று என்று வருந்தியோர் உண்டு. வேதாந்த விரிவுரை செய்ய வேண்டியவர் சோற்றுப்பானைகளை எண்ணிக்கொண்டிருந்தாரே என்று அவர்கள் கருதினர். ஆனால் புலமையை அவர் மூட்டை கட்டி வைக்கவில்லை. நடுவயது கடந்தபின் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, விவிலியம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். முன்பிருந்த மொழிபெயர்ப்பின் வடமொழி நடை முக்திப் பெண்களுக்கு எட்டவில்லை. 18,000 சுலோகங்களை நெஞ்சில் வைத்திருந்தவர், அந்த வடசொற்களை ஒவ்வொன்றாகக் களைந்து, கிராமத்துப் பெண் கேட்டவுடன் விளங்கும் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். எளிமைக்கு எத்துணைப் புலமை வேண்டும் என்பதை மொழிபெயர்ப்புப் பாடம் எழுதிய நாம் அறிவோம். அச்சுக் கோத்தவர்களும் முக்திப் பெண்களே.

1919 இல் அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. 1921 இல் மனோரமா தாய்க்கு முன்பே மறைந்தார். அத்துயரிலும் மொழிபெயர்ப்பு வேலை நிற்கவில்லை. 1922 ஏப்ரல் 5 ஆம் நாள் அம்மையார் காலமானபோது அது நிறைவடைந்திருந்தது. முழு நூல் 1924 இல் வெளிவந்தது. 1989 இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. ஆவடி, அரக்கோணம், ராய்ச்சூர், சோலாப்பூர் கடந்து புனே செல்லும் இருப்புப்பாதையில், தௌண்ட் சந்திப்புக்கு அப்பால் கேட்காவ் என்ற சிறு நிலையம் இருக்கிறது. முக்தி இல்லம் இன்றும் அங்கே நடந்துவருகிறது.