தையல் மெஷினில் தேய்த்த எஃகு… உலகத்துக்கே அளவு சொன்ன யோஹான்சன் யார்?

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருக்கிறது எஸ்கில்ஸ்டூனா. கத்தி, கத்தரிக்கோல், பூட்டு என்று இரும்புச் சாமான்களுக்குப் பேர்போன ஊர். 1890-களின் கடைசியில் அந்த ஊரில் ஒரு வீட்டில் இருந்த சிங்கர் தையல் மெஷின், துணி தைப்பதை நிறுத்திவிட்டது. அதில் எஃகுத் துண்டுகள் தேய்பட ஆரம்பித்தன.

தேய்த்தவர் துப்பாக்கி ஃபேக்டரியில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன். மெஷின் அவர் மனைவி மார்கரேட்டாவுடையது. அந்த வீட்டு மேஜையில் உருவான சின்னச் சின்ன எஃகுக் கட்டிகள்தான் பின்னாளில் கார் கம்பெனி முதல் ஆயுதத் தொழிற்சாலை வரை அத்தனை பேருக்கும் அளவுக்கான ஆதாரமாக மாறின. ஓர் அங்குலம் என்றால் சரியாக 25.4 மி.மீ. என்று இன்று நாம் யோசிக்காமல் சொல்கிறோமே, அதிலும் இந்த மனிதருக்குப் பங்கு உண்டு.

அமெரிக்கா போய்த் திரும்பிய இளைஞர்

யோஹான்சன் பிறந்தது 1864 மார்ச் 15-ம் தேதி, ஸ்வீடனின் கிராமப்புறத்தில். அந்தக் காலத்தில் ஸ்வீடன் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். 1882-ல், 18 வயதில், தன் சகோதரருடன் அவரும் கிளம்பினார். மின்னசோட்டா மாநிலத்தில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை; கூடவே ஸ்வீடன் வம்சாவளியினர் நடத்திய கஸ்டாவஸ் அடால்ஃபஸ் கல்லூரியில் படிப்பு.

ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. சில ஆண்டுகளில் ஊர் திரும்பி, எஸ்கில்ஸ்டூனாவில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. பிறகு அரசுக்குச் சொந்தமான கார்ல் குஸ்டாஃப் துப்பாக்கித் தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. படிப்படியாக உயர்ந்து, தயாரான பாகங்களைச் சோதிக்கும் பொறுப்புக்கு வந்தார். ஒரு பாகம் பாஸா ஃபெயிலா என்று முடிவு செய்யும் வேலை அது.

ஆயிரம் அளவுக்கு ஆயிரம் கருவியா?

ஒரு துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றி இன்னொரு துப்பாக்கியில் மாட்டினால் அப்படியே பொருந்த வேண்டும். போர்க்களத்தில் அரம் வைத்து ராவிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒவ்வொரு பாகமும் ஒரே அளவில் வர வேண்டும்.

இதை எப்படி உறுதி செய்வது? அன்றைய வழி, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு தனி கேஜ். 12.30 மி.மீ-க்கு ஒன்று, 12.35-க்கு இன்னொன்று. ஒரு துப்பாக்கியில் பல பாகங்கள், ஒவ்வொரு பாகத்திலும் பல அளவுகள். கணக்குப் போட்டால் நூற்றுக்கணக்கில் கேஜ் வேண்டும். ஒவ்வொன்றையும் கைதேர்ந்த தொழிலாளி பல நாள் உட்கார்ந்து செய்ய வேண்டும். தேய்ந்தால் மறுபடி முதலிலிருந்து. டிசைன் கொஞ்சம் மாறினால், பழைய கேஜ் பழைய இரும்புக்குப் போகும்.

1894-ல் ஸ்வீடன் ராணுவம் ஜெர்மனியின் மௌசர் துப்பாக்கிக்கு மாறியது. அதைத் தயாரிக்கப்போவது யோஹான்சனின் ஃபேக்டரி. மௌசர் கம்பெனி எப்படி அளக்கிறது என்று பார்த்துவர ஜெர்மனியில் உள்ள ஓபர்ன்டார்ஃபுக்கு ஒரு குழு போனது, யோஹான்சனும் போனார். பெரிய எதிர்பார்ப்போடு போனவருக்கு ஏமாற்றம்தான். அங்கேயும் அதே கதை. இன்னும் கொஞ்சம் நேர்த்தியாக, இன்னும் நிறைய கேஜ்கள்.

ரயிலில் போட்ட கணக்கு

திரும்பி வரும் ரயிலில் இந்தக் கேள்வி அவரை விடவில்லை. இத்தனை கேஜ் எதற்கு? கடைக்காரர் 1 கிலோ, 2 கிலோ, 5 கிலோ என்று சில படிக்கற்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த எடையையும் நிறுத்துவிடுகிறாரே, நீளத்தையும் அப்படிச் சேர்த்துச் சேர்த்து உண்டாக்க முடிந்தால்?

அந்த யோசனை வளர்ந்து 102 கட்டிகள் கொண்ட செட்டாக உருவெடுத்தது. முதல் வரிசையில் 1.01 முதல் 1.49 மி.மீ. வரை, 0.01 மி.மீ. வித்தியாசத்தில் 49 கட்டிகள். இரண்டாவதில் 0.5 முதல் 24.5 வரை, அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் 49. மூன்றாவதில் 25, 50, 75, 100 என்று நான்கே நான்கு.

உங்களுக்கு 37.86 மி.மீ. வேண்டுமா? 1.36 எடுங்கள், 11.5 எடுங்கள், 25 எடுங்கள். மூன்றையும் சேர்த்தால் முடிந்தது. இப்படி 1 மி.மீ. முதல் 201 மி.மீ. வரை, 0.01 மி.மீ. இடைவெளியில் சுமார் 20,000 அளவுகளை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம்.

கேட்க எளிது. ஆனால் ஒரு சிக்கல். மூன்று கட்டிகளைச் சேர்க்கும்போது மூன்றின் பிழைகளும் சேரும். கட்டிகளுக்கு நடுவே துளி இடைவெளி இருந்தாலும் கணக்கு தப்பு. ஆகவே ஒவ்வொரு கட்டியும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரான் அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். நம் தலைமுடியின் தடிமன் சராசரியாக 70 மைக்ரான். அதைவிட எழுபது மடங்கு மெல்லிய விஷயத்தைப் பற்றித்தான் அவர் கவலைப்பட்டார்.

ஃபேக்டரி மெஷின் போதவில்லை

துப்பாக்கி ஃபேக்டரியில் பெரிய கிரைண்டிங் மெஷின்கள் இருந்தன. அவற்றால் கட்டியை ஓரளவுக்குத்தான் கொண்டுவர முடிந்தது. கடைசி சில மைக்ரான்களை எடுக்க அவை சரிப்படவில்லை. அதனால் அந்த வேலையை யோஹான்சன் வீட்டுக்கே கொண்டுவந்தார். மார்கரேட்டாவின் தையல் மெஷினைத் தேய்ப்பதற்கும் மெருகேற்றுவதற்கும் ஏற்றபடி மாற்றி அமைத்தார்.

இந்தக் கடைசிக் கட்டத்துக்கு லேப்பிங் என்று பெயர். கட்டியைவிட மிருதுவான வார்ப்பிரும்புத் தட்டில் மாவு போன்ற உராய்வுத் தூளைப் பதித்து, அதன்மேல் கட்டியை மெதுவாகத் தேய்ப்பார்கள். தட்டு மிருதுவாக இருப்பதால் தூள் அதிலேயே பதிந்து நிற்கும். கடினமான எஃகுதான் துளித்துளியாகத் தேயும். ஒவ்வொரு தேய்ப்பிலும் போவது கண்ணுக்கே தெரியாத அளவு. கொஞ்சம் தேய்க்க வேண்டும், துடைக்க வேண்டும், அளக்க வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு தடவை அதிகமாகத் தேய்த்துவிட்டால் அந்தக் கட்டி அந்த அளவுக்கு உதவாது. எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாதே!

இந்த வேலையை யோஹான்சன் தனியாகச் செய்யவில்லை. சமையல், வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் நடுவே மார்கரேட்டாவும் உட்கார்ந்து கட்டிகளைத் தேய்த்துக் கொடுத்தார். காப்புரிமைப் பத்திரத்தில் இருப்பது கணவரின் பெயர். அந்த எஃகைத் தேய்த்ததில் மனைவியின் கையும் இருந்தது.

காப்புரிமையும் லேசில் வரவில்லை. சொந்த நாட்டிலேயே முதலில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மனம் தளராமல் முயன்று, கடைசியில் 17017 என்ற எண்ணில், 1901 தேதியிட்ட ஸ்வீடன் காப்புரிமையைப் பெற்றார். செட்டைச் செய்துகாட்டிய பிறகு ஃபேக்டரி நிர்வாகமும் அவருக்கு நேரமும் வசதியும் ஒதுக்கிக் கொடுத்தது.

பசை இல்லாமல் ஒட்டும் இரும்பு

இந்தக் கட்டிகளைக் கையில் எடுத்தவர்களை முதலில் ஆச்சரியப்படுத்தியது வேறொரு விஷயம். இரண்டு கட்டிகளைச் சுத்தமாகத் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து லேசாக அழுத்தித் திருகி நகர்த்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காந்தம் கிடையாது, பசை கிடையாது. சும்மா இழுத்தால் பிரியாது.

காரணம் தளத்தின் சமநிலை. இரண்டு முகங்களும் மேடு பள்ளமே இல்லாமல் அவ்வளவு நெருங்கும்போது அணுக்களுக்கு இடையே உள்ள ஈர்ப்பு வேலை செய்ய ஆரம்பிக்கிறது. நடுவில் இருக்கும் மிக மெல்லிய எண்ணெய் அல்லது ஈரப் படலமும் உதவுகிறது. பத்துக் கட்டிகளை அடுக்கினாலும் ஒரே கட்டி மாதிரி நிற்கும். சேர்த்து அளக்கும் யோசனை வெறும் காகிதக் கணக்காக நின்றுவிடாமல் நடைமுறைக்கு வந்தது இந்த ஒட்டுதலால்தான்.

20 டிகிரியும் 25.4-ம்

துல்லியம் கூடக்கூட, புதுப் பிரச்சினைகள் முளைத்தன. முதல் எதிரி வெப்பம். 100 மி.மீ. எஃகுக் கட்டி ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மைக்ரானுக்கு மேல் நீளும். கையில் வைத்துக்கொண்டிருந்தாலே அளவு மாறிவிடும். அப்படியானால் எந்த வெப்பநிலையில் அளப்பது? பிரெஞ்சுக்காரர்கள் மீட்டரை வரையறுத்தது 0 டிகிரியில். ஆனால் பனிக்கட்டி உருகும் குளிரில் யாரும் பட்டறை நடத்துவதில்லை. யோஹான்சன் மனிதர்கள் வேலை செய்யக்கூடிய 20 டிகிரி செல்சியஸில் தன் கட்டிகளின் அளவைக் குறித்தார். 1931-ல் சர்வதேச அளவில் அதுவே ஏற்கப்பட்டது.

அடுத்த தலைவலி அங்குலம். அமெரிக்க அங்குலம் 25.4-ஐவிடத் துளி நீளம், பிரிட்டிஷ் அங்குலம் துளிக் குட்டை. வித்தியாசம் மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்குதான். ஆனால் இரு நாட்டுக்கும் கட்டி செய்து விற்கிறவருக்கு அது பெரிய குழப்பம். யோஹான்சன் இரண்டுக்கும் நடுவில், 25.4 மி.மீ. என்று ஒரே முழுமையான எண்ணை எடுத்துக்கொண்டு கட்டிகளைச் செய்தார். தொழிற்சாலைகள் அதையே பயன்படுத்தின. பிரிட்டன் தொழில்துறை 1930-லும் அமெரிக்கத் தொழில்துறை 1933-லும் அதைத் தரமாக்கின. 1959-ல் ஆங்கிலம் பேசும் முக்கிய நாடுகள் ஒப்பந்தம் போட்டு அதையே ஏற்றன. சட்டம் வருவதற்கு முன்பே பட்டறைகள் முடிவு செய்துவிட்டன.

ஃபோர்டுக்கு ஒரு கடிதம்

அமெரிக்காவில் முதலில் இந்தக் கட்டிகளை வாங்கியவர் கேடிலாக் கார் கம்பெனியின் ஹென்றி லேலண்ட். 1908 வாக்கில் நடந்தது அது. அதே 1908-ல் லண்டன் அருகே ப்ரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் மூன்று கேடிலாக் கார்களைப் பிரித்துப் போட்டு, பாகங்களைக் கலந்து, மறுபடி மூன்று கார்களாகப் பூட்டி 500 மைல் ஓட்டிக்காட்டினார்கள். யாரும் அரத்தை எடுக்கவில்லை. ஒரே அளவில் பாகங்கள் வந்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் நேரில் பார்த்தது.

1910-களில் எஸ்கில்ஸ்டூனாவில் யோஹான்சனுக்குச் சொந்தக் கம்பெனி அமைந்தது. முதல் உலகப் போரின் முடிவுக் காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்ஸி நகரில் ஒரு ஃபேக்டரியும் வந்தது. ஆனால் போர் முடிந்ததும் ஆர்டர்கள் குறைந்தன, 1920-21 பொருளாதார மந்தம் அடித்தது. உலகமே நம்பும் அளவுகோலைச் செய்தவரின் கணக்குப் புத்தகம் தடுமாறியது.

1923-ல் யோஹான்சன், ஹென்றி ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். ஃபோர்டு கை கொடுத்தார். அந்த ஆண்டு நவம்பரில், 59 வயதில், யோஹான்சன் மிச்சிகனின் டியர்பார்னில் ஃபோர்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளியாக இருந்தவர் மறுபடி சம்பளக்காரர் ஆனார். ஆனால் கட்டிகள் செய்வது நிற்கவில்லை. தன் தேவைக்குப் போக, மற்றவர்களுக்கும் ஃபோர்டு அவற்றை விற்றது. அமெரிக்கப் பட்டறைகளில் அவற்றுக்கு ஜோ பிளாக் என்ற செல்லப்பெயர் நிலைத்தது.

1936-ல், 72 வயதில், ஓய்வுபெற்று ஸ்வீடன் திரும்பினார். வாழ்நாளில் அட்லாண்டிக்கை 22 முறை கடந்தவர். 1943 செப்டம்பர் 30-ம் தேதி எஸ்கில்ஸ்டூனாவில் காலமானார். ஸ்வீடனின் பொறியியல் அகாடமி வழங்கிய பெரிய தங்கப் பதக்கம், அவர் இறந்த பிறகே வந்து சேர்ந்தது.

இன்றைக்கும் அதே பெட்டி

மெக்கானிக்கல் படித்தவர்கள் மெட்ராலஜி லேபில் வெல்வெட் விரித்த மரப்பெட்டியைத் திறந்து ஸ்லிப் கேஜ் அடுக்கியிருப்பார்கள். அது யோஹான்சனின் பெட்டிதான். லேசர் அளவீடு வந்த பிறகும் மைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அந்தக் கட்டிகளைத்தான் எடுக்கிறார்கள்.

இன்று வீட்டு மூலையிலோ கார் ஷெட்டிலோ சின்ன மில்லிங் மெஷின் வாங்கி வைத்து, சொந்தமாகப் பாகம் செய்யும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மெஷின் வந்ததும் அப்கிரேடு ஆரம்பிக்கும். மோட்டாரை மாற்றுவார்கள், ஸ்க்ரூவில் உள்ள ஆட்டத்தைக் குறைப்பார்கள், டிஜிட்டல் அளவுகாட்டி பொருத்துவார்கள். எல்லாம் செய்தும் பாகம் நினைத்த அளவில் வராதபோது, விலை கூடிய மெஷின் வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும்.

யோஹான்சன் வேலை பார்த்த ஃபேக்டரியில் அந்த விலை கூடிய மெஷின் இருந்தது. அது விட்டுவைத்த கடைசி மைக்ரானை எடுக்க அவரும் மார்கரேட்டாவும் வீட்டுக்கு வந்து, தேய்த்துத் துடைத்து, அளந்து பார்த்து, மறுபடி தேய்த்தார்கள்.